நிலைபொருளின் பிழையும் கருனியின் பொறுமையும்: லினக்ஸ் விலக்குப் பட்டியல்கள் பற்றிய ஒரு திறனாய்வு

நிலைபொருள் என்பது கணினியின் தாய்ப்பலகையில் உள்ள சில்லு ஒன்றில் தயாரிப்பாளரால் எழுதி வைக்கப்படும் நிரல் ஆகும். பழைய கணினிகளில் இது பயாஸ் என்றும், புதிய கணினிகளில் யூஇஎஃப்ஐ என்றும் வழங்கப்படுகிறது. மின்விசையை அழுத்தியதும் முதலில் ஓடுவது இதுவே. இயங்குதளம் எழுந்த பின்னும் இதன் வேலை முடிவதில்லை. மின்கலத்தில் எவ்வளவு மின்சாரம் மீதி உள்ளது, மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும், விசைப்பலகை எந்தத் தடத்தில் பேசும் என்பன போன்ற செய்திகளை இயங்குதளத்தின் மையப் பகுதியான கருனிக்கு (கெர்னலுக்கு) நிலைபொருளே சொல்லுகிறது.

அது தவறாகச் சொன்னால் என்ன ஆகும்? பெரும்பாலும், தவறு செய்தவர் திருத்துவதில்லை. கருனியை எழுதுபவர்கள் தங்கள் நிரலுக்குள் ஒரு மாற்றுவழியை எழுதிச் சமாளிக்கிறார்கள். லினக்ஸ் கருனியில் இப்படிப்பட்ட மாற்றுவழிகள் ஏராளமாக உள்ளன. அவை தேவையா, எந்த வகை நல்லது, எந்த வகை தீங்கு செய்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிக்கலின் அடிப்படை

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் ஏசிபிஐ என்னும் தரவரையறையை வெளியிட்டன. அதற்கு முன் மின்சிக்கனம், உறக்கநிலை போன்றவற்றை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் போக்கில் செய்து வந்தனர். ஏசிபிஐ வந்த பின், கணினியின் வன்பொருள் அமைப்பை நிலைபொருள் சில அட்டவணைகளாக எழுதித் தர வேண்டும், இயங்குதளம் அவற்றைப் படித்து நடக்க வேண்டும் என்ற ஒழுங்கு ஏற்பட்டது.

இந்த அட்டவணைகளுள் முதன்மையானது டிஎஸ்டிடி எனப்படும். இது வெறும் தகவல் பட்டியல் அன்று. ஏஎம்எல் என்னும் குறிமொழியில் எழுதப்பட்ட சிறு சிறு நிரல்களும் இதனுள் உண்டு. கருனிக்குள் அமர்ந்திருக்கும் மொழிமாற்றி ஒன்று அவற்றை வரிவரியாகப் படித்து நிறைவேற்றுகிறது. லினக்ஸும் ஃப்ரீபிஎஸ்டியும் இதற்கு இன்டெல் தொடங்கிய ஏசிபிஐசிஏ என்ற நிரல்தொகுப்பைப் பயன்படுத்துகின்றன. ஓப்பன்பிஎஸ்டி தனக்கெனச் சொந்தமாக ஒன்றை எழுதிக்கொண்டது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு தயாரிப்பாளர் தம் மடிக்கணினியை விண்டோஸில் போட்டுப் பார்க்கிறார். அது ஓடினால் கடைக்கு அனுப்பிவிடுகிறார். தரவரையறைப்படி எழுதியிருக்கிறோமா என்று பார்ப்பது இரண்டாம் பட்சம். விடைத்தாளைத் திருத்துபவர் ஒருவரே, அவர் எதைக் கண்டுகொள்ளமாட்டார் என்பதும் தெரியும் என்றால், மாணவர் அந்த அளவுக்குத்தான் படிப்பார். விண்டோஸின் மொழிமாற்றி மன்னித்துவிடும் பிழைகள் எல்லாம் இப்படித்தான் நிலைபொருளில் தங்கிவிட்டன. சான்றாக, ஒரு நிரல்பகுதி தன் விடையைத் திருப்பித் தர மறந்துவிட்டாலும், கடைசியாகக் கணக்கிட்ட மதிப்பையே விடையாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. ஏசிபிஐசிஏவிலும் இதே நெகிழ்ச்சியைப் பின்னர் சேர்க்க வேண்டியதாயிற்று. லினக்ஸ் இயல்பாகவே அந்த நெகிழ்ச்சியுடன்தான் ஓடுகிறது. கண்டிப்பாக நடக்கச் சொல்லும் தெரிவு தனியே இருக்கிறது. அதை இயக்கி மடிக்கணினியைத் தொடங்குவோர் மிகக் குறைவு.

இதைச் சதி என்று சொல்பவர்களும் உண்டு. ஏசிபிஐ நீட்சிகளை விண்டோஸுக்கு மட்டும் உரியனவாக ஆக்க முடியாதா என்று பில் கேட்ஸ் 1999 ஜனவரியில் எழுதிய மின்னஞ்சல் ஒன்று, பின்னர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மைக்ரோசாஃப்டுக்கு எதிராக நடந்த வழக்கில் சான்றாவணமாக வெளிவந்தது. எண்ணம் அவருக்கு இருந்தது என்பதை அது காட்டுகிறது. ஆனால் இன்று நாம் காணும் பிழைகளில் பெரும்பாலானவற்றை விளக்க அந்த எண்ணம் தேவையில்லை. சோதிக்காமல் அனுப்புவது என்ற சாதாரணக் கவனக்குறைவே போதும்.

ஒரே தெரு, இரண்டு மடிக்கணினிகள்

இப்பொருளில் எனக்கு ஆர்வம் வந்த விதத்தைச் சொல்லிவிட வேண்டும். நான் கணினி அறிவியல் படித்தவன் அல்லன், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் கல்லூரியில் படிக்கும் மாணவி ஒருத்தி ஒரு மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வந்தாள். லினக்ஸ் நிறுவிய பின் விசைப்பலகை வேலை செய்யவில்லை. யூஎஸ்பியில் செருகிய வேறு விசைப்பலகை நன்றாக ஓடியது. "நான்தான் சார் எதையோ அழுத்திக் கெடுத்துட்டேன்" என்றாள். வீட்டில் கடன் வாங்கி வாங்கிய பொருள். அவள் முகத்தில் இருந்த பயம் எனக்கு நன்றாகத் தெரிந்த பயம்தான். கணக்கு தப்பாக வந்தால், வினாத்தாளிலேயே பிழை இருக்கலாம் என்று எந்தக் குழந்தையும் முதலில் நினைப்பதில்லை.

தேடிப் பார்த்ததில், புதிய கருனிப் பதிப்பில் அந்த மடிக்கணினியின் மாதிரிப் பெயர் ஒரு பட்டியலில் சேர்க்கப்பட்டிருப்பது தெரிந்தது. கருனியைப் புதுப்பித்ததும் விசைப்பலகை உயிர்பெற்றது. எங்கோ முன்பின் தெரியாத ஒருவர் புகார் எழுதியதால் இவள் பிழைத்தாள். ஆனால் அவளுடைய தோழியிடம் அதே நிறுவனத்தின், அதே தோற்றமுள்ள, மாதிரி எண்ணில் மட்டும் வேறுபட்ட மடிக்கணினி இருந்தது. அதற்கும் அதே நோய். அந்த எண் பட்டியலில் இல்லை. அவள் பல மாதங்கள் வெளி விசைப்பலகையைத் தூக்கிக்கொண்டே கல்லூரிக்குப் போனாள்.

நோய் ஒன்று, மருந்து ஒன்று, ஆனால் பெயர் இருந்தவளுக்கு மட்டும் மருந்து கிடைத்தது. இந்த நிகழ்ச்சியிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு மாற்றுவழியையும் அவற்றால் அளக்கலாம்.

முதல் கேள்வி: புகார் எழுதத் தெரியாதவரையும் இது காப்பாற்றுகிறதா?
இரண்டாம் கேள்வி: சரியாக எழுதப்பட்ட நிலைபொருளுக்கு இது தீங்கு செய்கிறதா?
மூன்றாம் கேள்வி: பிழை யாருடையது என்பதை இது வெளியே காட்டுகிறதா?

முதல் வழி: விண்டோஸ் போலப் பதில் சொல்லுதல்

நிலைபொருளுக்கு இயங்குதளத்தைப் பார்த்து "நீ யார்?" என்று கேட்கும் வசதி ஏசிபிஐயில் உண்டு. "விண்டோஸ் 2009" என்று கேட்டு ஆம் என்ற பதில் வந்தால் விண்டோஸ் 7 ஓடுகிறது என்று பொருள். "விண்டோஸ் 2012" என்றால் விண்டோஸ் 8, "விண்டோஸ் 2015" என்றால் விண்டோஸ் 10. லினக்ஸ் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஆம் என்றே பதில் சொல்லுகிறது. "லினக்ஸா?" என்று கேட்டால் மட்டும் இல்லை என்கிறது.

படிப்பவருக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஆனால் காரணம் உண்டு. ஒரு காலத்தில் லினக்ஸ் தன் பெயரை ஒப்புக்கொண்டது. லினக்ஸ் என்று பதில் வந்தால் செய்ய வேண்டியவை என்று தயாரிப்பாளர்கள் எழுதி வைத்திருந்த பகுதிகளோ சரியாகச் சோதிக்கப்படாதவை. ஒரு குறிப்பிட்ட கருனிப் பதிப்பின் குறையைச் சமாளிக்க எழுதப்பட்டது, அக்குறை நீங்கிய பின்னும் நிலைபொருளில் தங்கிவிடும். லினக்ஸ் என்ற ஒரே பெயருக்குள் எத்தனையோ பதிப்புகள் இருப்பதால் அந்தப் பதிலுக்கு நிலையான பொருளும் இல்லை. எனவே 2007இல் வெளிவந்த 2.6.23 பதிப்பிலிருந்து அந்தப் பெயருக்கு இல்லை என்று சொல்வதே வழக்கமாயிற்று.

முதல் கேள்விக்கு இந்த வழி நல்ல விடை தருகிறது. எவரும் புகார் எழுதாமலே, விண்டோஸில் சோதிக்கப்பட்ட பாதையில் எல்லா மடிக்கணினிகளும் நடக்கின்றன. நேர்மைக்குறைவு என்று சிலர் குறைகூறினாலும், பயனருக்கு நன்மை செய்யும் வேடம் இது.

இரண்டாம் கேள்வியில்தான் விலை தெரிகிறது. விண்டோஸ் என்று சொல்லிக்கொண்டால், விண்டோஸ் நடக்கும்படியே நடக்கவும் வேண்டும். திரை வெளிச்சம் இதற்கு நல்ல சான்று. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க மடிக்கணினியில் மூன்று வழிகள் இருக்கலாம்: ஏசிபிஐயின் பொதுவழி, தயாரிப்பாளரின் தனிவழி, வரைகலைச் சில்லின் நேர்வழி. விண்டோஸ் 8 வந்த பின் வரைகலை இயக்கிகள் நேர்வழியையே பயன்படுத்தின. எனவே பல தயாரிப்பாளர்கள் ஏசிபிஐயின் பொதுவழியைச் சோதிப்பதையே விட்டுவிட்டனர். லினக்ஸோ "நான் விண்டோஸ் 8" என்று சொல்லிவிட்டு, பழைய பொதுவழியிலேயே போனது. விசையை அழுத்தினால் திரையில் பட்டை மட்டும் நகரும், வெளிச்சம் மாறாது.

இதற்கு முதலில் ஒவ்வொரு மாதிரியாகப் பெயர் எழுதிச் சமாளித்தார்கள். பின்னர், விண்டோஸ் 8ஐக் கேட்கும் நிலைபொருள் என்றால் நேர்வழியே முதலில் என்று விதியை மாற்றினார்கள். 2022இல் வெளிவந்த 6.1 பதிப்பில் ஹான்ஸ் டி கோட் இப்பகுதியை மேலும் சீரமைத்து, ஒரு திரைக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு மட்டும் தெரியும்படி செய்தார். பெயர்ப்பட்டியலை விதியாக மாற்ற முடியும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. பட்டியல் அடியோடு மறையவில்லை, ஆனால் விதிக்கு அடங்காதவற்றுக்கு மட்டும் என்ற இடத்துக்குச் சுருங்கியது.

மூன்றாம் கேள்விக்கு இந்த வழியில் விடை இல்லை. எல்லாம் ஓடுவதால், பிழை இருந்ததே யாருக்கும் தெரியாமல் போகிறது. அதோடு, வேடம் போட்டாலும் சிலர் அடையாளம் கண்டுகொள்ள வேறு வழி தேடினார்கள். 2015இல் வந்த டெல் எக்ஸ்பிஎஸ் 13 மடிக்கணினியின் நிலைபொருள், ஏசிபிஐயின் பதிப்பெண் எவ்வளவு என்று கேட்டது. விண்டோஸ் 2 என்று சொல்லும், அன்றைய லினக்ஸ் 5 என்று சொல்லும். அந்த வேறுபாட்டை வைத்து ஒலிச்சில்லை இரண்டு விதமாக இயக்கியது. நோக்கம் நல்லதுதான், லினக்ஸ் பயனருக்கு ஒலி வர வேண்டும் என்பதே. ஆனால் பின்வாசல் வழியாகச் செய்த உதவி அது. அதன் பிறகு லினக்ஸும் எப்போதும் 2 என்றே சொல்லத் தொடங்கியது. அந்த ஒரு மாதிரிக்கு மட்டும் பழைய விடையைச் சொல்ல ஒரு விலக்கு எழுதப்பட்டது. உதவி செய்ய வந்தவருக்காகவும் ஒரு பெயர் பட்டியலில் ஏறியது.

இரண்டாம் வழி: பெயர்ப்பட்டியல்

டிஎம்ஐ என்ற பகுதியில் நிலைபொருள் தன்னைப் பற்றிய விவரங்களை எழுதி வைக்கும்: தயாரிப்பாளர் பெயர், மாதிரிப் பெயர், நிலைபொருளின் பதிப்பு, தேதி. கருனியின் இயக்கி நிரல் (டிரைவர்) தொடங்கும்போது இவற்றைப் படித்துத் தன்னிடம் உள்ள பட்டியலோடு ஒப்பிடுகிறது. பெயர் பொருந்தினால் அந்த மடிக்கணினிக்கு மட்டும் வேறு விதமாக நடக்கிறது. விசைப்பலகைக் கட்டுப்படுத்தி, திரை வெளிச்சம், தொடுதிரை, உறக்கநிலை என்று பல இயக்கிகளில் இத்தகைய பட்டியல்கள் நீண்டு கிடக்கின்றன.

இந்தப் பழக்கம் லினக்ஸுக்கு மட்டும் உரியதன்று. விண்டோஸ் 2000 நிறுவும்போது அதனிடமும் நல்ல பயாஸ், கெட்ட பயாஸ் என்ற பட்டியல்கள் இருந்தன. எதிலும் இல்லாத கணினியானால் பயாஸின் தேதியைப் பார்க்கும். 1999 ஜனவரி 1க்குப் பிந்தியதாக இருந்தால் நம்பும், முந்தியதானால் ஏசிபிஐயைப் பயன்படுத்தாது. தரவரையறையை எழுதியவர்களில் ஒருவரே தம் தரவரையறையை நம்ப முடியாமல் பட்டியல் வைத்திருந்தார் என்பது கவனிக்கத்தக்கது.

பெயர்ப்பட்டியலின் சிறப்பு, அது குறி தப்பாது என்பது. ஒரு மாதிரிக்குச் செய்த மாற்றம் இன்னொன்றைத் தொடாது. அதனால் இரண்டாம் கேள்விக்கு நல்ல விடை தருவதுபோலத் தோன்றும். அவசரத்தில் இருக்கும் பயனருக்கு விரைவில் உதவுவதும் இதுவே.

குறைகள் மூன்று. முதலாவது, முன்பே சொன்ன தோழியின் நிலை. பட்டியலில் பெயர் ஏற வேண்டுமானால், ஒருவர் கருனியின் செய்திப் பதிவை எடுத்து, ஆங்கிலத்தில் விளக்கி எழுதி, கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி, திருத்திய கருனியைத் தொகுத்துச் சோதித்துக் காட்ட வேண்டும். இத்தனையும் செய்யக்கூடியவர் வாங்கும் மாதிரிகள் முதலில் பட்டியலில் ஏறுகின்றன. மலிவான, அறியப்படாத மாதிரிகளை வாங்கும் ஏழை மாணவரின் கணினி கடைசியில் ஏறுகிறது, அல்லது ஏறுவதே இல்லை.

இரண்டாவது, அடையாளமே நம்பத்தக்கதன்று. பெயரை எழுதி வைப்பதும் அதே நிலைபொருள்தானே. சில மலிவான கணினிகளில் தயாரிப்பாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "தயாரிப்பாளரால் நிரப்பப்பட வேண்டும்" என்ற வாசகமே அப்படியே இருக்கும். வெற்றுப் படிவத்தில் இருந்த குறிப்பை அழிக்காமல் அனுப்பிவிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் மாணவர் பெயருக்குப் பதில் "பெயரை இங்கே எழுதுக" என்று இருந்தால் எப்படி அழைப்பது? அந்த நிலையில் கருனி எழுதுபவர்கள் நிலைபொருளின் தேதி போன்றவற்றையும் சேர்த்துப் பார்த்து அடையாளம் காண வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, பட்டியல் வளரும், சுருங்காது. தயாரிப்பாளர் பின்னாளில் நிலைபொருளைத் திருத்தி வெளியிட்டாலும், பல உள்ளீடுகள் மாதிரிப் பெயரை மட்டுமே பார்ப்பதால் விலக்கு தொடர்கிறது. அதை எடுத்துவிடலாமா என்று சோதிக்க அந்தக் கணினி கருனி எழுதுபவரிடம் இருக்காது. பத்து ஆண்டுக்கு முன் புகார் எழுதியவரிடமும் இருக்காது. எனவே யாரும் கைவைக்கத் துணிவதில்லை.

விசைப்பலகைச் சிக்கல்: 2022, 2023

அந்த மாணவியின் கணினியைத் தாக்கிய நோயின் வரலாறு, இரண்டாம் கேள்வியின் ஆழத்தைக் காட்டுவது. விசையை அழுத்தினால் விசைப்பலகை, குறுக்கீட்டுத் தடம் 1இன் வழியே கருனிக்கு ஒரு சைகை அனுப்பும். சைகை மேலெழும்போது கவனிக்க வேண்டுமா, கீழிறங்கும்போது கவனிக்க வேண்டுமா என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். மாறிக் கவனித்தால் சைகை காதில் விழாது. இந்தச் செய்தி டிஎஸ்டிடியிலும் இருக்கும், எம்ஏடிடி என்ற இன்னோர் அட்டவணையிலும் அதற்கான திருத்தம் இருக்கலாம்.

பழைய கணினிகள் பலவற்றில் டிஎஸ்டிடி சொன்னது பிழையாக இருந்தது. எனவே டிஎஸ்டிடியை அப்படியே நம்பாமல், பழைய வழக்கத்தையும் எம்ஏடிடியையும் கொண்டு அதை மாற்றி எழுதும் ஏற்பாடு லினக்ஸில் இருந்தது. அதுவும் ஒரு மாற்றுவழிதான். பல ஆண்டுகள் நன்மை செய்தது.

2022இல் ஏஎம்டி ரைசன் 6000 வரிசைச் சில்லுகள் உள்ள மடிக்கணினிகள் வந்தன. அவற்றில் பலவற்றில் டிஎஸ்டிடி சொன்னது உண்மை. கருனியோ பழைய பழக்கத்தில் அதை மாற்றி எழுதியது. விசைப்பலகை ஊமையாயிற்று. அதாவது, பொய் சொன்ன பழைய நிலைபொருளுக்காகப் போட்ட ஏற்பாடு, உண்மை சொன்ன புதிய நிலைபொருளைத் தண்டித்தது.

முதலில் ஒவ்வொரு மாதிரியாகப் பெயர் சேர்க்க முயன்றார்கள். பிறகு ஏஎம்டி ஜென் வகைச் சில்லுகள் அனைத்துக்கும் மாற்றி எழுதுவதை நிறுத்தினார்கள். உடனே வேறு சில ஜென் மடிக்கணினிகளில் அதுவரை நன்றாக இருந்த விசைப்பலகை நின்றுபோனது. அவற்றின் பெயர்களை எதிர்ப்பட்டியலில் சேர்த்தார்கள். 2023இல் ஜென்னுக்கென இருந்த தனி ஏற்பாட்டையும் பட்டியலையும் நீக்கிப் பொதுவான ஒரு வழிக்குப் போக முயன்றார்கள். ஏராளமான ஏஎம்டி மடிக்கணினிகளில் சிக்கல் எழுந்ததால், அதே ஆண்டில் அம்முயற்சி திரும்பப் பெறப்பட்டது.

கருனி எழுதுபவர்களின் நிலை மத்தளத்தின் நிலை, இரு பக்கமும் இடி. அவர்களைக் குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. மாற்றுவழி எழுதப்பட்ட நாளில் அதன் காரணமும், எந்த நிலையில் அதைக் கைவிடலாம் என்பதும் எழுதப்படாவிட்டால், அது நாளைய பிழையாக மாறும் என்பதே இதன் பாடம்.

மூன்றாம் வழி: காவல்

சில பிழைகள் விசைப்பலகையை நிறுத்துவதோடு போவதில்லை, கணினியையே பயனற்றதாக்கிவிடும். 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்து ஐபிஎம் திங்க்பேட் சிலவற்றில், வெப்பநிலை உணரிகளைத் தேடும் நிரல் ஒன்றை இயக்கினால் உள்ளிருந்த சிறு நினைவகச் சில்லின் தகவல் அழிந்து, கணினி மீண்டும் எழாது. அதன் பின் அத்தடத்தை இயக்கும் நிரல், ஐபிஎம் கணினி என்று தெரிந்தால் ஏறவே மறுக்கும்படி மாற்றப்பட்டது.

2013இல் சாம்சங் மடிக்கணினிகள் சிலவற்றில், யூஇஎஃப்ஐ வழியாக லினக்ஸைத் துவக்கியபோது கணினி நிரந்தரமாக முடங்கியது. முதலில் பழி லினக்ஸின் சாம்சங் இயக்கி மேல் விழுந்தது. பின்னர் மேத்யூ காரெட், விண்டோஸிலிருந்தே யூஇஎஃப்ஐயின் மாறிகள் சேமிக்கும் இடத்தை நிரப்பினாலும் அதே விளைவு ஏற்படுவதைக் காட்டினார். பிழை நிலைபொருளுடையது என்பது தெளிவாயிற்று. அந்த இடத்தில் பாதிக்கு மேல் நிரம்பும் நிலை வந்தால் எழுத மறுக்கும் காவல் கருனியில் போடப்பட்டது.

2016இல், கோப்புகளை எல்லாம் அழிக்கும் கட்டளையை இட்ட ஒருவரின் மடிக்கணினி அதன் பின் எழவே இல்லை என்ற செய்தி வந்தது. யூஇஎஃப்ஐ மாறிகளும் கோப்புகள் போலத் தெரிந்ததால் அவையும் அழிந்தன. மாறிகள் இல்லாவிட்டால் தானே சரிசெய்துகொள்ள வேண்டிய நிலைபொருள் அவ்வாறு செய்யவில்லை. அதன் பின், அறியப்பட்ட பாதுகாப்பான சில மாறிகளைத் தவிர மற்றவற்றை எளிதில் அழிக்க முடியாதபடி கருனி பூட்டியது.

பின்னிரண்டு காவல்களுக்கும் பெயர்ப்பட்டியல் தேவைப்படவில்லை. எந்த நிறுவனத்தின் கணினியானாலும் அவை காக்கின்றன. புகார் எழுதாதவரையும் காக்கின்றன. சரியான நிலைபொருளுக்கு அவற்றால் வரும் இடைஞ்சல் மிகச் சிறிது. மூன்று வழிகளிலும் முதல் இரண்டு கேள்விகளுக்கு மிகச் சிறந்த விடை தருவது இதுவே.

எதிர்வாதங்கள்

பிழையைக் கருனி தாங்கவே கூடாது, தாங்கினால் தயாரிப்பாளர் திருந்தமாட்டார் என்று வாதிடுவோர் உண்டு. ஆசிரியர் என்ற முறையில் இதன் நியாயம் எனக்குப் புரிகிறது. பிழையை நாமே திருத்தி மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தால் மாணவர் கற்கமாட்டார். ஆனால் இங்கே தண்டிக்கப்படுவது பிழை செய்தவர் அல்லர். பணம் கொடுத்து வாங்கியவர்தான் தண்டனை பெறுகிறார். தயாரிப்பாளர் அடுத்த மாதிரியை விற்கப் போய்விட்டார். எனவே தாங்கத்தான் வேண்டும்.

ஓடினால் போதாதா, யார் பிழை என்று ஏன் பேச வேண்டும் என்பது இன்னொரு வாதம். பேசாவிட்டால் பழி தவறான இடத்தில் விழுகிறது. லினக்ஸ் போட்டால் கணினி கெட்டுவிடும் என்ற பேச்சு அப்படி எழுந்ததுதான். அந்த மாணவி தன்னையே குற்றவாளியாக நினைத்ததும் அதனால்தான்.

கருனியின் பக்கத்திலும் பிழை நேர்வதுண்டு என்பதை மறைக்கக் கூடாது. 2017 டிசம்பரில் உபுண்டு 17.10இன் நிறுவல் கோப்பு பதிவிறக்கத்திலிருந்து நீக்கப்பட்டது. கருனியில் இயக்கப்பட்டிருந்த இன்டெல் எஸ்பிஐ இயக்கி, லெனோவோ உள்ளிட்ட சில மடிக்கணினிகளின் பயாஸைப் பாதித்ததே காரணம். அவ்வியக்கியை நீக்கி, 2018 ஜனவரியில் திருத்திய கோப்பை வெளியிட்டார்கள். தவறை வெளியே சொல்லி, எடுத்து, திருத்தி, மீண்டும் தந்தார்கள். நிலைபொருள் எழுதுபவர்களிடமும் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்.

மதிப்பீடு

மேற்கண்டவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வரிசை கிடைக்கிறது. எல்லாக் கணினிகளையும் காக்கும் காவல் முதலில் வர வேண்டும். விண்டோஸின் நடத்தையைக் கண்டறிந்து அதைப் பொதுவிதியாக எழுதுவது அடுத்தது. பெயர்ப்பட்டியல் கடைசி. ஒரே நோய்க்கு மூன்றாவது, நான்காவது பெயர் சேர்க்க வேண்டி வரும்போதே, நாம் பெயர்களைச் சேர்க்கிறோமா, ஒரு விதியைக் காணத் தவறுகிறோமா என்று கேட்க வேண்டும். விதி எல்லா நேரமும் கிடைக்காது என்பதை 2023 முயற்சி காட்டியது. கிடைக்கும் என்பதைத் திரை வெளிச்சம் காட்டியது.

எந்த வழியானாலும் தாங்குவது மௌனமாக இருக்கக் கூடாது. கருனியில் இதற்கு நல்ல ஏற்பாடு ஒன்று உண்டு. நிலைபொருளின் பிழை என்று உறுதியாகத் தெரிந்தால், செய்திப் பதிவில் அந்த வரியின் தலையில் "ஃபர்ம்வேர் பக்" என்ற முத்திரை இடப்படும். ஆனால் விலக்குப் பட்டியல்களில் பல இந்த முத்திரையை இடாமலே வேலையை முடித்துவிடுகின்றன. ஒவ்வொரு விலக்கும் தான் செயல்பட்டதை ஒரு வரியிலாவது சொன்னால், பயனருக்குத் தன் கணினியின் உண்மை நிலை தெரியும், கடைக்காரரிடமும் தயாரிப்பாளரிடமும் கேட்க ஒரு சான்று கிடைக்கும்.

மாணவர்கள் செய்யக்கூடியவை

மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவி ஏதேனும் ஒன்று ஓடாவிட்டால், முதலில் கருனியின் துவக்கச் செய்திகளை எடுத்து "ஃபர்ம்வேர் பக்" என்ற முத்திரை உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வரிகளைச் சேமித்து வையுங்கள். புதிய கருனிப் பதிப்பை நிறுவும் முன், நினைவுக்குச்சியிலிருந்து துவக்கிச் சோதித்துப் பாருங்கள்.

தயாரிப்பாளர் நிலைபொருளைத் திருத்தி வெளியிட்டுள்ளாரா என்று தேடுங்கள். ரிச்சர்ட் ஹியூஸ் உருவாக்கிய எஃப்டபிள்யூஅப்டி என்ற கருவியும், எல்விஎஃப்எஸ் என்ற சேவையும் வந்த பின், பல நிறுவனங்களின் நிலைபொருள் புதுப்பிப்புகளை விண்டோஸ் இல்லாமலே நிறுவ முடிகிறது. கனானிகல் நிறுவனம் உருவாக்கிய நிலைபொருள் சோதனைத் தொகுப்பைக் கொண்டு உங்கள் கணினியின் அட்டவணைகளை நீங்களே சோதிக்கலாம். மூல நிரலே திறந்திருக்க வேண்டும் என்று விரும்புவோர், 1999இல் லினக்ஸ்பயாஸ் என்ற பெயரில் தொடங்கி 2008இல் பெயர் மாறிய கோர்பூட் திட்டத்தைப் பற்றிப் படிக்கலாம். குரோம்புக் கணினிகள் அதைக் கொண்டே இயங்குகின்றன.

எல்லாவற்றுக்கும் மேலாக, புகார் எழுதுங்கள். ஆங்கிலம் தடையாக இருந்தால் கல்லூரியிலோ கட்டற்ற மென்பொருள் குழுக்களிலோ யாரையேனும் உடன் வைத்துக்கொண்டு எழுதுங்கள். மாதிரிப் பெயரை மட்டும் எழுதாமல், அதே தாய்ப்பலகை உள்ள பிற மாதிரிகள் தெரிந்தால் அவற்றையும் குறிப்பிடுங்கள். எங்கள் தெருத் தோழி கடைசியில் அதைத்தான் செய்தாள். முதலாமவளின் கணினியையும் தன் கணினியையும் பக்கத்தில் வைத்து, இரண்டின் அட்டவணைகளும் ஒன்றே என்று எடுத்துக் காட்டி எழுதினாள். பின் வந்த பதிப்பு ஒன்றில் அவளுடைய மாதிரியும் பட்டியலில் சேர்ந்தது. இப்போது அவள் வெளி விசைப்பலகையைத் தூக்குவதில்லை. அந்த மாதிரியை வாங்கிய வேறு எவரும் தூக்க வேண்டியதில்லை.